பழைய சைக்கிளுக்கு மோட்டார்: பெங்களூரு மேடுகளில் வேர்க்காமல் ஆபீஸ் போக

என் சைக்கிளுக்கு மோட்டார் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. அல்சூரிலிருந்து கோரமங்கலாவில் இருக்கும் ஆபீசுக்கு எட்டரை கிலோமீட்டர், திரும்பி வர அதே எட்டரை. அதற்கு முன்பும் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். போய்ச் சேரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும், ஆபீசில் குளிக்க இடமில்லை, மூன்று மாதத்தில் விட்டுவிட்டேன். இப்போது விடுவதாக இல்லை. அதனால், உங்களிடம் ஒரு நல்ல சைக்கிள் சும்மா நிற்கிறது என்றால் அதை எப்படி மாற்றுவது, எதில் காசு போடுவது, எதில் ஏமாறக் கூடாது என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

காரில் போகிறவர்களுக்கு பெங்களூரு தட்டையான ஊராகத் தெரியலாம். மிதிக்கிறவர்களுக்குத் தெரியும், ஏரிப் பக்கம் இறங்கினால் மறுபடி ஏறித்தான் ஆக வேண்டும். ஹெப்பாள், கோரமங்கலா-சல்லகட்டா, விருஷபாவதி என்று மூன்று பெரிய பள்ளத்தாக்குகளுக்கு மேலே உட்கார்ந்திருக்கிற ஊர் இது. சின்ன கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். நீங்கள், சைக்கிள், பேட்டரி, லேப்டாப் பை எல்லாம் சேர்த்து 100 கிலோ. நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் மேட்டில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஏற, மேலே தூக்குவதற்கு மட்டுமே சுமார் 200 வாட் வேண்டும். பழக்கமில்லாத ஆள் தொடர்ந்து மிதித்தால் 100 வாட் வந்தாலே பெரிசு. மிச்சத்தை மோட்டார் கொடுத்தால் போதும், மேடு மேடாகவே தெரியாது. 250 வாட் மோட்டார் போதுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்தக் கணக்குதான்.

சட்டமும் 250 வாட்டில்தான் நிற்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைவாகவும், பேட்டரி இல்லாமல் வண்டியின் எடை 60 கிலோவுக்கு மிகாமலும், ஒழுங்கான பிரேக்கும் ஒளி திருப்பும் பட்டைகளும் இருந்தால் அது மோட்டார் வாகனமே இல்லை. பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த விலக்கு, சோதனை முகமை சரிபார்த்து ஒப்புதல் கொடுத்த வண்டிகளுக்கு என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது; வீட்டில் மாற்றிய வண்டிக்கு அந்தத் தாள் இருக்காது. அதனால்தான் எல்லை எதையும் தாண்டாதீர்கள் என்கிறேன். மோட்டார் சக்கரம், கன்ட்ரோலர், ஒயர் எல்லாம் சேர்ந்து வரும் தொகுப்புக்குத்தான் கிட் என்று பெயர்; 48 வோல்ட், 750 வாட் கிட் எல்லாம் தாராளமாக விற்கிறார்கள். அதை மாட்டினால் பதிவு இல்லாத, இன்சூரன்ஸ் இல்லாத ஒரு மோட்டார் வண்டியை ஓட்டுகிறீர்கள், அவ்வளவுதான். யாரையாவது இடித்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, கிட் வாங்கும் முன் சைக்கிளைப் பாருங்கள். அல்சூர் பஜார் பக்கம் ஒரு பெரியவர் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். மோட்டார் போடப் போகிறேன் என்று போய் நின்றதும் அவர் சொன்னது இதுதான்: "ஓடறது இருக்கட்டும் தம்பி, நிக்குமான்னு மொதல்ல பாருங்க." முன் பிரேக் கட்டையை விரலால் தொட்டுக் காட்டினார், கல் மாதிரி இறுகிப் போயிருந்தது. மோட்டார் சக்கரமும் பேட்டரியும் சேர்த்து ஐந்தாறு கிலோ கூடும், சராசரி வேகமும் கூடும், ஆக பழைய பிரேக்கை நம்பக் கூடாது. வி-பிரேக் என்றால் புதுக் கட்டை, புது கேபிள்; டிஸ்க் என்றால் பேடைப் பாருங்கள். கம்பி பிரேக் வைத்த பழைய கறுப்பு சைக்கிளில் இதைச் செய்ய வேண்டாம், மழையில் அந்த பிரேக் பிடிக்கவே பிடிக்காது. சைக்கிளின் சட்டத்தில் (ஃபிரேமில்) விரிசல் இருக்கிறதா, ஹேண்டில் பக்கம் ஆட்டம் இருக்கிறதா, ரிம் கோட்டமா, இதெல்லாம் சரி செய்த பிறகுதான் மற்றது.

அப்புறம் அளவுகள். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும்: 26, 27.5, 29 அல்லது 700சி. பின் சக்கரத்தைக் கழற்றி, சக்கரத்தின் அச்சு உட்காரும் சட்டத்தின் இரண்டு காதுகளுக்கு உள்பக்க இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்து கொள்ளுங்கள். கியர் வைத்த சைக்கிள்களில் பெரும்பாலும் 135 மி.மீ. இருக்கும், கிட் மோட்டார்களும் அந்த அளவுக்குத்தான் வருகின்றன. முன் ஃபோர்க்கில் 100 மி.மீ. பின் பல்சக்கரம் மரை போட்டுச் சுற்றும் ஃப்ரீவீலா, செருகும் கேசட்டா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக் கொள்ளுங்கள். விலை குறைந்த மோட்டார்கள் பெரும்பாலும் மரை ஃப்ரீவீலைத்தான் ஏற்கும், கேசட் இருந்தால் கியர் லீவரையும் சேர்த்து மாற்ற வேண்டி வரலாம்.

மோட்டார் முன்னாலா பின்னாலா? முன்னால் போடுவது சுலபம், செயினைத் தொடவே வேண்டாம். ஆனால் ஷாக் அப்சார்பர் வைத்த ஃபோர்க்கிலும் அலுமினிய ஃபோர்க்கிலும் முன் மோட்டார் போடாதீர்கள். அச்சு திருகும் விசையில் அந்தக் காது உடையலாம், ஓடும்போது முன் சக்கரம் கழன்றால் முகம்தான் முதலில் தரையில் படும். இரும்பு ஃபோர்க் என்றால் பரவாயில்லை. நான் பின்னால்தான் போட்டேன். பெடல் இடத்தில் மாட்டும் நடு மோட்டாரும் உண்டு, கியரைப் பயன்படுத்தி மேடு ஏறுவதில் அதற்கு நிகர் இல்லை, ஆனால் விலையும் அதிகம், செயினும் சீக்கிரம் தேயும். எட்டு பத்து கிலோமீட்டர் ஆபீஸ் பயணத்துக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம்.

சக்கர மோட்டாரிலும் இரண்டு ரகம். உள்ளே சின்ன பல்சக்கரங்கள் வைத்தது ஒன்று, நேரடியாகச் சுற்றுவது இன்னொன்று. பல்சக்கர ரகம் மூன்று கிலோ அளவில் இருக்கும், மேட்டில் நன்றாக இழுக்கும், மின்சாரம் இல்லாதபோது சாதாரண சைக்கிள் மாதிரி உருளும். நேரடி ரகம் கனமானது, பேட்டரி தீர்ந்துவிட்டால் மிதிக்கும்போது யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல இருக்கும். பல்சக்கர ரகத்தையே வாங்குங்கள்.

இப்போது பேட்டரி. மொத்தச் செலவில் பாதி இதற்குத்தான் போக வேண்டும், இதில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். 36 வோல்ட் பேட்டரி என்பது பத்து வரிசை லித்தியம் செல்கள். ஒவ்வொன்றும் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட், ஆக மொத்தம் 42. என்னுடையது 10.4 ஆம்பியர்-மணி, பெருக்கினால் 374 வாட்-மணி. மிதித்துக்கொண்டே போனால் கிலோமீட்டருக்குப் பத்து வாட்-மணி செலவாகிறது, மிதிக்காமல் கைப்பிடியில் இருக்கும் த்ராட்டிலை மட்டும் திருகிக்கொண்டு போனால் பதினைந்து. அதாவது 35 கிலோமீட்டர் அல்லது 25. விற்கிறவர் 60 கிலோமீட்டர் என்று சொன்னால், வாட்-மணி எவ்வளவு என்று கேட்டு நீங்களே வகுத்துப் பாருங்கள்.

எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக பேட்டரி கிடைக்கும். நல்லதும் இருக்கிறது, பழைய லேப்டாப் செல்களைப் பிரித்து நீலத் தாள் சுற்றியதும் இருக்கிறது, வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒரு எளிய சோதனை, எடை போட்டுப் பாருங்கள். சிகரெட் லைட்டர் உயரத்துக்கு ஒரு செல், எடை 45 முதல் 48 கிராம் வரை. பத்து ஆம்பியர்-மணி தருவதற்கு இந்த அளவு செல் குறைந்தது முப்பது நாற்பது வேண்டும். ஆகவே உறையோடு சேர்த்து ஒன்றரை கிலோ கூட வராத பேட்டரி மேலே எழுதியிருப்பதைத் தராது. செல் எந்தக் கம்பெனி, எத்தனை வரிசை, உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அடுத்த கடை. ஐ.எஸ். 16046 தரச்சான்று, எழுத்தில் வாரண்டி, இரண்டும் இருக்க வேண்டும். பி.எம்.எஸ். என்பது ஒவ்வொரு செல்லையும் கண்காணித்து, அதிகம் ஏறினாலோ அதிகம் இறங்கினாலோ இணைப்பைத் துண்டிக்கும் அட்டை. அது இல்லாத பேட்டரியை வீட்டுக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் ரகம் கனமாக இருந்தாலும் சூட்டைத் தாங்கும், பல வருடம் உழைக்கும். எடை பரவாயில்லை என்றால் அதையே எடுங்கள், ஆனால் அதன் சார்ஜர் வேறு, ஒன்றை மற்றதில் செருகவே கூடாது.

எல்லாம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம். ஃப்ரீவீலைக் கழற்றும் வேலையை மட்டும் கடையில் கொடுங்கள், மிதிக்க மிதிக்க இறுகியிருக்கும், தனிக் கருவி இல்லாமல் வராது. டயரையும் ட்யூபையும் மோட்டார் சக்கரத்துக்கு மாற்றி, ரிம்முக்குள் ரப்பர் பட்டி இருக்கிறதா என்று பார்த்து, காற்று அடித்து, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தை மாட்டுங்கள்.

இந்த இடத்தில் நிதானமாக இருங்கள். சாதாரண சக்கரத்தில் அச்சு சும்மா தாங்குகிறது. மோட்டாரில் அப்படி இல்லை; மோட்டார் சக்கரத்தை எவ்வளவு பலமாக முன்னே தள்ளுகிறதோ, அவ்வளவு பலமாக அச்சு பின்பக்கம் திரும்பப் பார்க்கும். அதைப் பிடித்து வைப்பது சட்டத்தின் அந்தச் சின்னக் காதும், பல் வைத்த வாஷரும், அச்சைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கும் டார்க் ஆர்ம் என்கிற இரும்புக் கையும்தான். முதல் தடவை எனக்குக் கிட்டோடு வந்தது வாஷர் மட்டும்தான், அதன் பல் காதின் பிளவுக்குள் சரியாக உட்காரவும் இல்லை, நான் கவனிக்காமல் நட்டை முறுக்கிவிட்டேன். நாலாவது நாள் தொம்மலூர் மேட்டில் ஏறும்போது 'டக்' என்று ஒரு சத்தம், மோட்டார் நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் அச்சு அரைச் சுற்று திரும்பி, அச்சுக்குள்ளிருந்து வரும் ஒயரை முறுக்கி அறுத்திருக்கிறது. மோட்டாரைப் பிரித்து ஒயர் மாற்ற 1,800 ரூபாய் ஆனது. மேட்டில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்ததால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பக்கமும் டார்க் ஆர்ம் போட்டிருந்தால் இது நடந்திருக்காது. இரண்டும் சேர்த்து எழுநூறு ரூபாய். கிட்டில் இல்லாவிட்டால் தனியாக வாங்கி, அதை மாட்டும் வரை வண்டியை ரோட்டில் இறக்காதீர்கள். நட்டை 35 முதல் 40 நியூட்டன்-மீட்டர் வரை இறுக்க வேண்டும், அதாவது நீளமான ஸ்பேனரில் நன்றாக முழுக்கை பலம். ஒயர் வெளியே வரும் துளை தரையைப் பார்த்து இருக்கட்டும், மேலே பார்த்தால் மழைத் தண்ணீர் நேராக உள்ளே இறங்கும்.

மற்றவை சுலபம். நீங்கள் மிதிப்பதை உணர்ந்து மோட்டாரை ஓட வைக்கும் பெடல் சென்சார் என்பது காந்தம் பதித்த ஒரு வளையமும், அதன் எதிரே உட்காரும் ஒரு குமிழும். வளையத்தில் அம்புக்குறி இருக்கும், மிதிக்கும் திசையைப் பார்த்து மாட்டுங்கள், இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி போதும். பிரேக் லீவரைப் பிடித்ததும் மோட்டாரை நிறுத்தும் ஒயர் கிட்டோடு வரும். பலர் அதைத் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள், சிக்னலில் கை பதறும்போது அதுதான் காப்பாற்றும். பேட்டரியைத் தண்ணீர் பாட்டில் மாட்டும் துளைகளில் வையுங்கள். கேரியரில் வைத்தால் பின்பக்கம் கனத்து, பள்ளத்தில் வண்டி ஆடும். மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் பெட்டியான கன்ட்ரோலரை சீட்டுக்கு அடியில், காற்று படுகிற மாதிரி. பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே ஒரு 20 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம் வேண்டும்.

மழைக்கு ஒரு யுக்தி. கன்ட்ரோலருக்குள் போகும் எந்த ஒயரும் நேராக மேலிருந்து கீழே போகக் கூடாது. ஒரு வளைவு கீழே தொங்கி மறுபடி மேலேறிப் போகட்டும், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இணைப்புகளில் கொஞ்சம் சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். செப்டம்பர், அக்டோபரில் சாயங்கால மழையில் நான் நிறைய நனைந்திருக்கிறேன், இதுவரை கோளாறு வந்ததில்லை. ஆனால் மோட்டார் அச்சு மூழ்கும் அளவுக்குத் தேங்கிய தண்ணீரில் இறக்காதீர்கள், இறங்கித் தூக்கிக்கொண்டு போங்கள், அல்லது அரை மணி நேரம் காத்திருங்கள்.

முதல் சோதனையைப் பின் சக்கரம் தரையில் படாமல் தூக்கி வைத்துச் செய்யுங்கள். பேட்டரியைச் செருகும்போது சின்னதாக ஒரு தீப்பொறி வரும், கன்ட்ரோலரில் உள்ள கெப்பாசிட்டர் நிரம்புவதால் வருவது, பயப்பட வேண்டாம். த்ராட்டிலை மெதுவாகத் திருகுங்கள். சக்கரம் பின்னோக்கிச் சுற்றினாலோ, நடுங்கி முனகினாலோ, மோட்டார் ஒயர்களின் வரிசை மாறியிருக்கிறது. பல கன்ட்ரோலர்களில் இதற்கென்றே இரண்டு தனி ஒயர் இருக்கும், அவற்றைச் சில நொடி சேர்த்தால் அதுவே சரியான வரிசையைக் கற்றுக்கொள்ளும், பிறகு பிரித்துவிட வேண்டும். பிரேக்கைப் பிடித்தால் மோட்டார் நிற்கிறதா என்று பாருங்கள். அப்புறம் தெருவில் இரண்டு சுற்று. நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஸ்போக்குகளைத் தட்டிப் பார்த்து, தளர்ந்ததை இறுக்கிக் கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள். புது மோட்டார் சக்கரத்தில் ஸ்போக் தளர்வது சகஜம், கவனிக்காவிட்டால் ஒவ்வொன்றாக உடையும்.

ஓட்டும்போது மிதிப்பதை நிறுத்தாதீர்கள், முக்கியமாகக் கிளம்பும்போதும் மேட்டிலும். நின்ற இடத்திலிருந்து த்ராட்டிலை முழுதாகத் திருகினால்தான் பேட்டரி வீணாவதும் மோட்டார் சூடாவதும். குறைந்த கியரில் இரண்டு மிதி மிதித்துவிட்டு மோட்டாரை உதவிக்குக் கூப்பிடுங்கள். டிஸ்ப்ளேயில் தெரியும் மூன்று கட்டையை நம்பாமல் வோல்ட் காட்டச் சொல்லி வைத்துக் கொள்ளுங்கள்: 42 என்றால் நிறைவு, 36க்கு வந்தால் வீட்டைப் பார்த்துத் திரும்ப வேண்டும், 33க்குக் கீழே மேட்டில் காலையே நம்புங்கள். இன்னர் ரிங் ரோட்டில் ராணுவ நிலத்தை ஒட்டிய மர நிழலில் மணிக்கு 22 வேகத்தில் போகும்போது, பக்கத்தில் நிற்கும் கார்களைத் தாண்டிப் போகும்போது, இதை ஏன் பத்து வருடம் முன்பே செய்யவில்லை என்று எனக்கு இன்னும் தோன்றும். ஒன்று, சத்தமே இல்லாத வண்டி, ஆட்களுக்குக் கேட்காது, மணியை அடித்துக்கொண்டே போங்கள்.

சார்ஜ் செய்வதில் கண்டிப்பாக இருங்கள். ஓட்டி வந்ததும் உடனே போடாதீர்கள், அரை மணி ஆறட்டும். கட்டில், சோபா, துணி எதன் மேலும் வைக்காமல் டைல்ஸ் தரையில் வையுங்கள். வாசல் கதவுப் பக்கம் வேண்டாம், தீப்பிடித்தால் நீங்கள் வெளியே ஓட வேண்டிய வழி அது. தூங்கும்போது போடவே போடாதீர்கள். 2 ஆம்பியர் சார்ஜரில் முழுதாக ஏற ஐந்து மணி நேரம், செலவு அரை யூனிட்டுக்கும் குறைவு. கீழே விழுந்து அடிபட்டாலோ உப்பினாலோ அந்த பேட்டரி முடிந்தது, ரிப்பேர் பார்க்க நினைக்காமல் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

பஞ்சர் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். நம் ஊர்ப் பஞ்சர் கடைக்காரர்கள் சக்கரத்தைக் கழற்றாமலே டயரின் ஒரு பக்கத்தை நெம்பி, ட்யூபை வெளியே இழுத்து ஒட்டிவிடுகிறார்கள், மோட்டார் இருப்பதால் எந்த வித்தியாசமும் இல்லை. ட்யூப் மாற்ற வேண்டி வந்தால்தான் கழற்ற வேண்டும், அதற்கு என் பையில் 18ஆம் நம்பர் ஸ்பேனர் எப்போதும் இருக்கும். திரும்ப மாட்டும்போது வாஷர் பல்லையும் டார்க் ஆர்மையும் நீங்களே பாருங்கள், கடைக்காரருக்கு அது தெரிய வேண்டும் என்பதில்லை.

எனக்கு ஆன கணக்கு: மோட்டார் கிட் 11,500, சார்ஜரோடு பேட்டரி 13,000, டார்க் ஆர்ம் 700, பிரேக் வேலை 1,400, கடைக் கூலி 800. மொத்தம் 27,400 ரூபாய், மேலே சொன்ன அந்த ஒயர் செலவு தனி.

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போய் இரண்டு வாரம் தங்குவதாக இருந்தால், பேட்டரியை முழுதாக ஏற்றியும் வைக்காதீர்கள், காலியாகவும் விடாதீர்கள். பாதிக்குக் கொஞ்சம் மேலே, 38 வோல்ட் அளவில் இருக்கும்போது சைக்கிளிலிருந்து கழற்றி, வெயில் படாத அலமாரியில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.